மோதிரம் போட்ட காளான்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம், பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் எங்கள் வீடு இருக்கிற அடி அண்ணாமலையில்தான் நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்து முடித்துவிட்டு யாராவது என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இதில் பாவப்பட்ட ஆள் நான் இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு மேல் என்று பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, எப்போதாவதுதான் வருவார். நான் பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். பட்டா மாறவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று ஊரில் உள்ள புகாரெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். வருகிறவர் உண்மை சொல்கிறாரா, கதை விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. செடி கொடி, காளான் விஷயத்திலும் அதே கர்வம்தான்.

என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். நாலாவது மாதம். அந்த ஆறு வருடத்தில் அவள் போகாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. மசக்கையில் எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடும். முந்தின ராத்திரி இடி இடித்து மழை கொட்டியது. காலையில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அக்கா, புத்துக்காளான் வந்திருக்கும் இல்ல? வறுத்து ஒரு வாய் தின்னா போதும்க்கா" என்றாள். அந்தப் பெண் வாய்விட்டு ஒன்று கேட்டதே அதுதான் முதல் தடவை.

ஆனால் வீட்டில் சமைக்க முடியாது. பௌர்ணமிக்கு எங்கள் வீட்டில் பாதையோரம் கடை போடுவோம், இட்லியும் சுக்குக் காபியும். அதனால் முந்தின நாளே வீட்டைக் கழுவிவிட்டு, அடுப்பைத் தேய்த்து வைத்துவிட்டால் அப்புறம் கறி, மீன் என்று கவிச்சி வாசனையே ஆகாது என்பது என் மாமியாரின் சட்டம். அவர் கணக்கில் காளானும் கவிச்சிதான். "காளான் கறி இல்லைங்க அத்தை, அது பூஞ்சை வகை" என்று ஒருமுறை நான் பாடம் எடுத்தேன். "நீ படிச்ச படிப்பை ஜெராக்ஸ் கடையிலயே வச்சுக்கோ. இது மலை சுத்தி வர்ற சனத்துக்கு ஆக்கிப் போடற அடுப்பு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சரி, வீட்டில்தானே கூடாது என்று நான் ஒரு திட்டம் போட்டேன். கோயிலுக்கு விளக்குப் போடப் போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, ஒயர்கூடையில் கீழே ஒரு சின்ன அலுமினியச் சட்டி, கரண்டி, எண்ணெய், வெங்காயம், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, தீப்பெட்டி, ஒரு பாட்டில் தண்ணீர், ரெண்டு பாக்குமட்டைத் தட்டு எல்லாம் அடுக்கினேன். மேலே பூவும் அகல்விளக்கும். ஓர்ப்படிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாட்டினா நீங்கதான் காரணம்னு சொல்லிடுவேன்" என்றாள். "சொல்லுடி, எனக்கென்ன பயமா?" என்றேன். பயம் இருந்தது. அது எவ்வளவு என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

பாதையை விட்டு உள்ளே போனால் ஏரிக்கரையோரம் ஒரு பெரிய புற்று. மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற புற்று என்பதால் அதன்மேல் கத்தி படக்கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். முளைத்திருக்கிற காளானை விரல் நீட்டிக் காட்டவும் கூடாது, காட்டினால் அழுகிவிடும் என்பார்கள். ஓர்ப்படி விரலை மடக்கிக்கொண்டு முழங்கையால் காட்டிக் காட்டிச் சிரித்தாள். பத்துப் பன்னிரண்டு மொக்குகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து நீளமாக வேர் கூடவே வந்தது. நல்ல காளான்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வறுத்தால் ஒரு கைப்பிடிகூடத் தேறாது.

அப்போதுதான் தூறல் போட்டது. பக்கத்தில் ஒரு லாட்ஜ் பாதி கட்டி நின்றுபோய்க் கிடந்தது. அண்ணன் தம்பிக்குள் வழக்கு என்று பேச்சு, ஏழெட்டு வருடமாக அப்படியே இருக்கிறது. அதற்குள் ஓடினோம். நான் அதுவரை உள்ளே போனதில்லை. கதவு இல்லாத நிலைகளின் மேல் சிவப்புப் பெயின்டில் ரூம் நம்பர் மட்டும் எழுதியிருந்தது. ஒரு அறையில் கக்கூஸ் பேசின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஓரமாகக் கிடந்தது. ஓர்ப்படி செங்கல் கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வாங்க மேடம், ஏசி ரூமா, நான் ஏசியா?" என்றாள். "மலை தெரியற மாதிரி குடும்மா" என்றேன் நான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரே ஒரு அறை மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. மூலையில் ஒரு துடைப்பம். கயிற்றில் காவி வேட்டி ஒன்று மடித்துப் போட்டிருந்தது. சுவரோரம் தண்ணீர் பாட்டில், ஒரு மூட்டை. யாரோ குடியிருக்கிறார்கள் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கும் தெரிந்தது. "யாரோ சாமியார் போலிருக்கு" என்றாள் அவள். "வந்தா பார்த்துக்கலாம்" என்றேன் நான். அடுத்தவர் இருக்கிற இடத்தில் கேட்காமல் நுழைந்து அடுப்பு மூட்டுகிறோம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கதவு இல்லாத இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறோமே, அந்தத் திமிர்தான்.

பின்பக்கம் மக்கிப்போன மரத்தூளும் மண்ணும் குவிந்து கிடந்தன. அங்கே வெள்ளை வெளேரென்று குடை குடையாக, ஒன்றல்ல இரண்டல்ல, கூடை நிறையக் காளான். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழங்காலிட்டுப் பறித்துத் தள்ளினேன். இவை நீள வேர் இல்லாமல் தொட்டதும் வந்தன. தண்டின் நடுவில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வெள்ளை வளையம். வளையம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று படித்திருக்கிறேன். அதைப் பார்த்தேன். இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல் அதுதான், நான் பார்க்காமல் விட்டேன் என்றால்கூடப் பரவாயில்லை, பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டுக் குடையை மட்டும் கூடையில் போட்டுக்கொண்டேன்.

பின்வாசல் ஓரமாக, மழை படாத இடத்தில் மூன்று செங்கல் வைத்து, கட்டட வேலையில் மிஞ்சிக் கிடந்த சென்ட்ரிங் பலகைச் சிராய்களைக் கொளுத்தினேன். மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷக் காளான் கறுத்துவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன், கறுக்கவில்லை. மூன்று வருடம் படித்த படிப்பில் எந்தப் புத்தகத்திலும் இந்தச் சோதனை கிடையாது. ஆனாலும் டீச்சர் மாதிரி, "பார்த்தியா, நிறம் மாறலை" என்று அவளுக்கு விளக்கம் வேறு. தண்ணீரை வடித்துவிட்டு வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டு வறுத்தேன். உப்பு சரியா, வெந்ததா என்று நாலு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு ருசி.

அவளுக்குப் பாக்குமட்டைத் தட்டில் எடுத்துக் கொடுத்தபோதுதான் அந்த ஆள் வந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த காவி, நரைத்த தாடி. கிரிவலப் பாதையில் ஆயிரம் பேரைப் பார்க்கிறோம், அதில் ஒருவர். எங்களைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. சட்டியைத்தான் பார்த்தார்.

"எம்மா, இந்தக் காளான் பின்னாடி பறிச்சதா? சாப்பிடாதீங்க" என்றார்.

பங்கு கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். "உங்களுக்கும் தரேன் சாமி, ஓரமா உக்காருங்க" என்றேன்.

"எனக்கு வேணாம்மா. தண்டுல மோதிரம் இருந்துச்சா பாத்தியா? போன வருசம் இதைத் தின்னுட்டு மூணு நாள் இங்கயே சுருண்டு கிடந்தேன்."

"பி.எஸ்சி. பாட்டனி படிச்சவ நான். எது நல்ல காளான்னு எனக்குத் தெரியும். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று கத்தினேன். அப்புறம் அவளைப் பார்த்து, "நீ சாப்பிடுடி" என்றேன்.

அவள் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அவர் ஒரே எட்டில் வந்து அந்தத் தட்டைத் தட்டிவிட்டார். அதோடு நிற்காமல் சட்டியையும் காலால் எத்தினார். வறுவல் முழுக்க மண்ணில். அவள் அலறிவிட்டாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. கையில் இருந்த கரண்டியால் அவர் முகத்திலேயே அடித்தேன், ஒரு முறை இல்லை. சூடான கரண்டி. அவர் கையைத் தூக்கித் தடுத்தாரே தவிர, திருப்பி என்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

அலறல் கேட்டு, பாதையில் கடைக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் என் கொழுந்தனார். "என்ன அண்ணி? நீங்க ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க? இவன் என்ன பண்ணான்?" என்று கேட்டார்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? காளான் வறுத்தோம், இவர் தட்டிவிட்டார், எனக்குக் கோபம் வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் மாமியார் காதுக்குப் போகும். பௌர்ணமிக்கு முந்தின நாள், கோயில் பேரைச் சொல்லிவிட்டு, புள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போய்க் கவிச்சி ஆக்கினாள் என்று ஆறு மாதம் பாட்டுக் கேட்க வேண்டும். அந்த ஒரு நொடியில் இவ்வளவும் எனக்குத் தோன்றியது. என் கால் தானாகவே சட்டியைப் புதர்ப் பக்கம் தள்ளியது.

"மழைக்கு ஒதுங்கினோம் தம்பி. இந்த ஆள் இவகிட்ட தப்பா நடந்துக்கப் பார்த்தான்" என்றேன்.

ஓர்ப்படி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் வாய் திறக்கவில்லை. ஆனால் பொய் சொன்னது நான்தான், அதில் அவளுக்குப் பங்கு கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. முதல் அடி கொழுந்தனாருடையது. பிறகு ஆளாளுக்கு அடித்தார்கள். கொம்பாலும் அடித்தார்கள். "காளான்யா... விஷம்யா... அந்தப் பொண்ணு..." என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவருடைய மூட்டையைத் தூக்கி மழையில் எறிந்தார்கள். "இனிமே இந்தப் பக்கம் உன்னைப் பார்த்தோம், கால் இருக்காது" என்று ரோடு வரை துரத்திவிட்டார்கள். ஒரு காலை இழுத்து இழுத்துக்கொண்டு அவர் போனார். நான் ஒயர்கூடையைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், வயிறு பிசைய ஆரம்பித்தது. முதலில் வாந்தி, அப்புறம் நிற்காமல் பேதி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்கிறார். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். உயிர் போகிற நேரத்திலும் நான் யோசித்தேன் என்றால் என்னை எதால் அடிப்பது? ஓர்ப்படிதான் ஓவென்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மஞ்சள் சோதனையைப் பற்றிச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். நாலு துண்டுக்கு எனக்கே இந்தக் கதி என்றால், தட்டு நிறையச் சாப்பிட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் வயிற்றில் இருந்த குழந்தைக்கும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனாரிடம், "அந்த ஆள் ஒண்ணும் பண்ணலை, நான் பொய் சொன்னேன்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க" என்றேன்.

"நடந்தது நடந்துபோச்சு அண்ணி. இப்பப் போய்ச் சொன்னா எவ்ளோ அசிங்கம்? நான்தானே முதல்ல கை வச்சேன். எங்கயாவது போயிருப்பான், பரதேசிதானே" என்றார்.

பரதேசிதானே! அந்த 'தானே' என் காதில் இன்னும் எரிகிறது. தன் குழந்தையைக் காப்பாற்றிய மனுஷனைப் பற்றி ஒரு தகப்பன் பேசுகிற பேச்சா இது? நான் சத்தம் போட்டேன். அவரும் சத்தம் போட்டார். மாமியார் நடுவில் வந்து, "அது கெடக்கட்டும், அன்னிக்குப் போய்க் கவிச்சி ஆக்கினியேடி, உனக்கு எவ்ளோ நெஞ்சழுத்தம்?" என்றார். ஒரு மனுஷனை அடித்து விரட்டியது யாருக்கும் உறைக்கவில்லை, காளான்தான் உறைத்தது. ஆனால் அவர்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அதற்கப்புறம் இரண்டு மாதம் நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

மார்கழியில் ஒரு நாள் வேலைக்குப் போகும்போது பாதையோர மண்டபம் ஒன்றில் அவரைப் பார்த்தேன். புருவத்துக்கு மேல் கரண்டியின் விளிம்பு பட்ட தழும்பு. முன்பல் ஒன்று இல்லை. நான் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பி, நாலு இட்லியும் ஒரு புது வேட்டியும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "சாமி, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். கும்பிட்டுவிட்டால் சரியாகிவிடும், அவரும் பெரிய மனது பண்ணிக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்தக் கண்ணில் வந்த கோபத்தை நான் மறக்கவே முடியாது.

"எடுத்துட்டுப் போ" என்றார். "என்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? நான் ஒண்ணும் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? அங்க போய்ச் சொல்லு. அந்தப் பக்கம் போனா கல்லெடுக்கிறானுங்க. பொம்பளைகிட்ட வம்பு பண்றவன்னு சின்னப் பசங்க கூடச் சொல்லுது. நாலு வருசமா நான் பெருக்கி வச்ச இடம்மா அது. அடிச்சது வலிக்கலை. நீ சொன்ன சொல்லுதான்..."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். இட்லிப் பொட்டலத்தைக் காலால்கூடத் தொடவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள், கடைகளுக்குக் கொம்பு நடுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். வேலைக்கு லீவு. ஒவ்வொரு கடையாக நின்று சொன்னேன். "ஐப்பசியில ஒரு சாமியாரை அடிச்சீங்களே, அவர் தப்பா எதுவும் பண்ணலை. விஷக் காளானைத் தட்டிவிட்டு என் ஓர்ப்படியைக் காப்பாத்தினார். நான்தான் வீட்டுக்குப் பயந்து பொய் சொன்னேன்."

முதல் கடையில் ஒருவர், "விடுக்கா, எந்தக் காலத்துக் கதை" என்றார். இளநீர்க் கடைக்காரர் சிரித்தார். "படிச்ச பொம்பளை பண்ற வேலையா இது? எங்க கையால ஒரு பாவத்தைப் பண்ண வச்சுட்டியேம்மா" என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் காறித் துப்பாத குறையாகத் திட்டினார். அவர் ஒருவர்தான் எனக்கு மனுஷனாகத் தெரிந்தார். கடைசியாக எங்கள் கடைக்கு முன்னால் நின்று, கொழுந்தனார் காதில் விழும்படி அதையே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அவர் மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. போகட்டும்.

மண்டபத்துக்குப் போய், "சொல்லிட்டேங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். காலை இழுத்துக்கொண்டே அந்தக் கடைகளுக்கு நடுவில், தலையைக் குனியாமல், மெதுவாக நடந்தார். கொம்பு நட்டுக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் கல்லெடுக்கவில்லை. என்னைத் திட்டிய அந்த ஆள் மட்டும் வழியில் கிடந்த மூங்கிலை நகர்த்தி வழிவிட்டார். கொஞ்ச நேரத்தில் லாட்ஜுக்குள்ளிருந்து துடைப்பச் சத்தம் கேட்டது. இரண்டு மாதக் குப்பை, ரொம்ப நேரம் கேட்டது.

ஓர்ப்படிக்குப் பெண் குழந்தை. இப்போது நடக்கிறது, ஓடுகிறது, என் ஜெராக்ஸ் பேப்பரையெல்லாம் கிழிக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஓர்ப்படி அந்த லாட்ஜ் வாசலில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு வருவாள். அவள் வைத்தால் எடுத்துக்கொள்கிறார். நான் வைத்த அன்று தூக்கு அப்படியே இருந்தது. மாமியார் என்னை மன்னித்துவிட்டார், கொழுந்தனாரும் மன்னித்துவிட்டார், ஊரும் மறந்துவிட்டது. மன்னிக்க வேண்டிய ஒருவர் மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் மன்னிக்காமல் இருப்பதுதான் நியாயம் என்று ஒவ்வொரு முறை அந்த வழியாகப் போகும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தலை குனிந்து நடக்கிறேன்.